அடைப்புக்குறியை எந்த வழியில் அறிமுகம் செய்வது? கூட்டல், கழித்தல் வகுப்புக்கான ஓர் ஒப்பீடு

கூட்டலும் கழித்தலும் ஓரளவு கைவந்த பிள்ளைகளுக்கு அடைப்புக்குறியைக் கற்பிக்க நான்கு வழிகள் இருக்கின்றன. "அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் செய்" என்று விதியைச் சொல்லிவிட்டுப் பயிற்சிக்கு இறங்குவது முதல் வழி. கடை, பேருந்து என்று ஒரு சூழலை எடுத்துக்கொண்டு, அதை எழுத்தில் கொண்டுவரும்போது அடைப்புக்குறியின் தேவை தெரியும்படி செய்யும் கதை வழி இரண்டாவது. அடைப்புக்குறியை இடம் மாற்றிப் போட்டு, விடைகள் மாறுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கவிடும் புதிர் வழி மூன்றாவது. எண்களும் குறிகளும் சேர்ந்த எண்கோவையை உறுப்புகளாக, அதாவது குறியோடு கூடிய துண்டுகளாக, பிரித்துப் பார்க்கப் பழக்கி, அடைப்புக்குறியை ஒரு கூட்டு உறுப்பாகக் காட்டுவது நான்காவது.

எந்த வழியில் சென்றாலும் 100 − (45 + 25) என்பதற்கு 30 என்ற விடையைப் பெரும்பாலான பிள்ளைகள் விரைவிலேயே எழுதிவிடுவார்கள். ஆகவே விடை வருகிறதா என்பதை மட்டும் அளவுகோலாக வைத்து இந்த வழிகளை ஒப்பிட முடியாது. ஒரு சூழலைக் கேட்ட பிள்ளை யாரும் சொல்லாமலே அடைப்புக்குறி போட்டு எழுதுகிறதா, அதே எண்கள் அடைப்புக்குறி இல்லாமல் வந்தால் அது வேறொரு சூழல் என்று அறிகிறதா, எண்களுக்குப் பதில் எழுத்துகள் வரும் வகுப்புக்குப் போனபின் தடுமாறாமல் இருக்கிறதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடைப்புக்குறியை ஒரு கட்டளையாக வாசிப்பதற்கு முன்பே, தன் எண்ணத்தைப் பிறருக்குத் தெரிவிக்க அதைத் தானே எழுத வேண்டிய நிலை பிள்ளைக்கு வர வேண்டும். அதற்குக் கதை வழிதான் ஏற்றது. ஆனால் அதை வழக்கமாக நடத்தும் விதத்திலேயே நடத்தினால் அதுவும் பயன் தராது.

விதியிலிருந்து தொடங்கினால்

விதி வழியின் பலம் அதன் சுருக்கம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரே பாடவேளையில் விதியைச் சொல்லி, பத்துக் கணக்குகளைப் போட வைத்துவிடலாம். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பில் பிட்மாஸ் (BIDMAS: அடைப்புக்குறி, அடுக்கு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்) என்ற பெயரில் செயல்களின் வரிசை முறைப்படி வருகிறது. முந்தைய தலைமுறைப் பெற்றோருக்கு அது போட்மாஸ் என்ற பெயரில் பழக்கம். எனவே வீட்டிலும் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும். 'சுருக்குக' என்று கேட்கும் தேர்வு வினாவுக்கு இந்த வழி நேராகப் பயன்படுகிறது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஓராசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில் நேரம் எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்கள் இந்த வழியை எளிதில் குறை சொல்லமாட்டார்கள்.

ஆனால் இந்த விதி எதை எப்போது செய்வது என்பதை மட்டுமே சொல்கிறது. அடைப்புக்குறி எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதனால் இரண்டு கோளாறுகள் வருகின்றன. முதலாவது, பிள்ளையின் நோட்டிலேயே கண்ணுக்குத் தெரியும். 100 − (45 + 25) என்று கொடுத்தால், "முதலில் செய்" என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய பிள்ளை 45 + 25 = 70 என்று செய்துவிட்டு, அந்த 70ஐயே அடுத்த வரியின் முதலிலும் எழுதி, 70 − 100 = 30 என்று முடிக்கிறது. விடை சரியாக இருப்பதால் பலர் இதற்கு மதிப்பெண் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் செய்வதும் முதலில் எழுதுவதும் ஒன்றே என்று அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டிருப்பதைத்தான் அந்த வரி காட்டுகிறது. இதற்கு மருந்து எளிது: அடைப்புக்குறிக்கு நேர் கீழே 70 என்று எழுதவைத்து, "100 −" என்ற பகுதியை அது இருந்த இடத்திலிருந்து அப்படியே கீழே இறக்கவைக்க வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் இதை வற்புறுத்துவது சுலபம்.

இரண்டாவது கோளாறு இதைவிட ஆழமானது. பிட்மாஸ் என்ற எழுத்து வரிசையில் கூட்டல் முன்னும் கழித்தல் பின்னும் வருவதால், 30 − 8 + 5 என்ற கணக்கில் முதலில் 8 + 5ஐச் செய்து 17 என்று எழுதும் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் ஏராளம். சரியான விடை 27. கூட்டலும் கழித்தலும் சம தகுதி உடையவை, இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும் என்று கூடுதலாக ஒரு வரி சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த வரிக்கு எழுத்துச் சுருக்கத்தில் இடமில்லை. ஆனால் இந்தப் பிழைக்கு பிட்மாஸ் மட்டும் காரணம் அல்ல. இஸ்ரேலைச் சேர்ந்த லியோரா லின்செவ்ஸ்கியும் ட்ரோரா லிவ்னேயும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்கள் எண்கோவைகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது, எண்ணுக்கு முன்னுள்ள கழித்தல் குறியை அந்த எண்ணிலிருந்து பிரித்துவிட்டு, பின்னால் வரும் கூட்டலை முதலில் முடித்துவிடும் போக்கைக் கண்டார்கள். அதாவது, எழுதப்படாத ஓர் அடைப்புக்குறியைப் பிள்ளைகள் தாமே 8 + 5ஐச் சுற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். அடைப்புக்குறி கண்ணில் பட்டால் அதை முதலில் செய் என்ற விதி, இல்லாத அடைப்புக்குறியைப் போட்டுக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைத் தொடுவதே இல்லை. அடைப்புக்குறி உள்ளதையும் இல்லாததையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால்தான் அது உடையும். விதி வழியில் அதற்கு இடமில்லை என்பதே அதன் மீது எனக்குள்ள முதன்மையான குறை.

கதையிலிருந்து தொடங்கினால்

நூறு ரூபாயோடு கடைக்குப் போகும் பிள்ளை 45 ரூபாய்க்குச் சர்க்கரையும் 25 ரூபாய்க்கு உப்பும் கடுகும் வாங்கினால் மீதிச் சில்லறை எவ்வளவு என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது கடினமே இல்லை. 45 + 25 = 70 என்று ஒரு வரி, 100 − 70 = 30 என்று இன்னொரு வரி. கணக்கு முடிந்துவிட்டது, அடைப்புக்குறி எங்கும் தேவைப்படவில்லை. இதைத்தான் கனடாவைச் சேர்ந்த கரோலின் கீரன் 1979இலேயே சுட்டிக்காட்டினார்: மாணவர்கள் கணக்கை எழுதிய வரிசையில் இடமிருந்து வலமாகவே செய்கிறார்கள், அல்லது சூழலே வரிசையைத் தீர்மானித்துவிடுகிறது, ஆகவே அடைப்புக்குறியின் அவசியம் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கதை வழியைக் கையாளும் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கதையைச் சொல்லி, பிள்ளைகள் இரண்டு வரிகளில் விடை கண்டதும், ஆசிரியரே கரும்பலகையில் 100 − (45 + 25) என்று எழுதி "இதை இப்படியும் எழுதலாம்" என்று சொல்லிவிடுகிறார். பிள்ளையைப் பொறுத்தவரை அது ஒரு வேண்டாத அலங்காரம்.

தேவையை உண்டாக்க இரண்டு நிபந்தனைகள் வேண்டும். எழுதுவது ஒரே வரியில், ஒரே ஒரு சமக்குறியோடு இருக்க வேண்டும். எழுதியதை, கதையைக் கேட்காத இன்னொரு பிள்ளை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கதையைச் சொல்லிச் சீட்டில் எழுதவைத்து, மறு பாதியிடம் சீட்டைக் கொடுத்து விடை காணச் சொன்னால் போதும். முதல் சுற்றில் 100 − 45 + 25 என்று எழுதிய சீட்டுகள் பல வரும். வாங்கிய பிள்ளை இடமிருந்து வலமாகச் செய்து 80 என்று சொல்லும். கடையில் எழுபது ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு எண்பது ரூபாய் சில்லறையோடு வீட்டுக்கு வருவது நடக்காத காரியம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். சீட்டு எழுதிய பிள்ளை, "இல்லை, இந்த ரெண்டையும் சேர்த்து" என்று விரலால் 45 + 25ஐச் சுற்றிக் காட்டும். அந்த விரல் போட்ட வட்டம்தான் அடைப்புக்குறி. அதை எழுத்தில் எப்படிக் காட்டலாம் என்று கேட்டால் சிலர் வட்டம் போடுவார்கள், சிலர் அடிக்கோடு இழுப்பார்கள். எதையும் தவறென்று சொல்லத் தேவையில்லை. கணித வரலாற்றிலும் அப்படித்தான் நடந்தது: பிரான்சின் நிக்கோலா சூக்கே 1484ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியில் சேர்த்துக் கொள்ள வேண்டியவற்றுக்கு அடிக்கோடு இட்டார், வளைந்த அடைப்புக்குறி 1556இல் இத்தாலியின் தர்த்தாலியா வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. அடிக்கோட்டிலிருந்து அடைப்புக்குறிக்கு நகர ஒரு வகுப்புக்கு இரண்டு நாள் பிடித்தால் அது தாமதம் அல்ல.

இங்கே பேருந்துக் கதைகள் கடைக் கதையைவிட அதிகம் உதவுகின்றன. ஏனென்றால் ஒரே எண்களை வைத்து எதிரெதிர்க் கதைகளைச் சொல்ல முடிகிறது. பேருந்தில் 40 பேர் இருந்தார்கள். ஒரு நிறுத்தத்தில் 12 பேர் இறங்கினார்கள், 5 பேர் ஏறினார்கள். இது 40 − 12 + 5, விடை 33. இன்னொரு கதையில், முதல் நிறுத்தத்தில் 12 பேரும் அடுத்த நிறுத்தத்தில் 5 பேரும் இறங்கினார்கள், வழியில் யாரும் ஏறவில்லை. இறங்கியவர்களை ஒன்றாகச் சேர்த்து எழுதினால் 40 − (12 + 5), விடை 23. இரண்டு கோவைகளையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எந்தக் கதை எதற்குரியது என்று கேட்க வேண்டும். விதி வழியில் இடமில்லை என்று மேலே சொன்ன ஒப்பீடு இதுதான். தொடர்ந்து இதேபோல் இணைகளாகக் கொடுத்துவந்தால், இல்லாத அடைப்புக்குறியைப் போட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு அந்த வயதிலேயே தடை விழுகிறது. அடைப்புக்குறி உள்ள கணக்குகளை மட்டும் ஒரு பக்கம் முழுக்கக் கொடுக்கும் பயிற்சித்தாள் இந்த வேலையைச் செய்யாது. அங்கே பிள்ளை எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை.

இதே பேருந்து இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகும். 12 பேர் இறங்க எழுந்தார்கள். அவர்களில் 5 பேர் தங்கள் நிறுத்தம் இதுவல்ல என்று தெரிந்து திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள். உண்மையில் இறங்கியவர்கள் 12 − 5 பேர். எனவே 40 − (12 − 5) = 40 − 7 = 33. முதல் கதையில் 12 பேர் இறங்கி 5 பேர் ஏறியபோதும் 33தான் வந்தது. இறங்கப் பார்த்தவர் உட்கார்ந்துவிட்டதும், இறங்கியபின் ஒருவர் ஏறியதும் பேருந்தின் எண்ணிக்கைக்கு ஒன்றே என்று பிள்ளையே சொல்லும்போது, அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே இருக்கும் கழித்தல் வெளியே வரும்போது கூட்டலாகிறது என்ற செய்தி அதற்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்பிலும் பல மாணவர்கள் 'குறி மாறும்' என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, முதல் உறுப்புக்கு மட்டும் மாற்றி அடுத்ததை மறந்துவிடுகிறார்கள். ஏன் மாறுகிறது என்பதற்கு அவர்களிடம் ஒரு பேருந்தும் இல்லாததுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடைக் கணக்கிலும் இதைக் காட்டலாம்: 45 ரூபாய்ச் சர்க்கரைக்குக் கடைக்காரர் 5 ரூபாய் தள்ளுபடி தந்தால் மீதி 100 − (45 − 5), அதாவது 60. அடைப்புக்குறி இல்லாமல் 100 − 45 − 5 என்று எழுதினால் 50 வருகிறது. தள்ளுபடியால் வாங்கியவருக்கு நட்டம் வந்ததாக ஆகிவிடும்.

கதை வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு எழுதிய கதை இரட்டைச் சுமை. அங்கே கதையை வாயால் சொல்லி, புளியங்கொட்டையோ கூழாங்கல்லோ வைத்து நடத்திக் காட்ட வேண்டும். சேர்த்து எடுக்க வேண்டிய கொட்டைகளைச் சுற்றி ஒரு வளையலை வைத்தால் அடைப்புக்குறி கைக்குக் கிடைக்கிறது. அடுத்து, 'மொத்தம்' என்றால் கூட்டல், 'மீதி' என்றால் கழித்தல் என்று சொற்களைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வேரூன்றியிருக்கிறது. அந்தச் சொற்கள் வராத கதைகளையும் கலந்து கொடுக்காவிட்டால், அடைப்புக்குறியும் 'மொத்தம்' என்ற சொல்லைக் கேட்டால் போடும் ஒரு குறியாகச் சுருங்கிவிடும். நேரமும் அதிகம் பிடிக்கும். ஆனால் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி கழித்தலையே ஆழமாகப் புரியவைக்கப் பயன்படுவதால், அதை அடைப்புக்குறிக்கான செலவாக மட்டும் கணக்கிடுவது நியாயம் அல்ல.

புதிர் வழியும் உறுப்பு வழியும்

15 − 6 − 4 + 2 என்று எழுதி, எண்களையும் குறிகளையும் இடம் மாற்றாமல், அடைப்புக்குறியை மட்டும் வெவ்வேறு இடங்களில் போட்டு எத்தனை விடைகள் கிடைக்கும் என்று கேட்பது ஒரு நல்ல புதிர். எதையும் போடாமல் செய்தால் 7. 15 − (6 − 4) + 2 என்றால் 15. 15 − 6 − (4 + 2) என்றால் 3. 15 − (6 − 4 + 2) என்றால் 11. ஒன்றுக்குள் ஒன்றாக 15 − (6 − (4 + 2)) என்று போட்டால் மீண்டும் 15. ஆக, ஐந்து விதங்களில் நான்கு விடைகள். இதையே 15 + 6 + 4 + 2 என்று மாற்றிக் கொடுத்தால் எங்கே போட்டாலும் 27தான் வரும். கழித்தல் இருக்கும் இடத்தில்தான் அடைப்புக்குறிக்கு அதிகாரம் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது. பிள்ளைகள் விரும்பிச் செய்கிறார்கள். ஒரே புதிரில் பத்துப் பன்னிரண்டு முறை கூட்டல் கழித்தல் பயிற்சியும் கிடைத்துவிடுகிறது.

ஆசிரியர் எண்களை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மேற்கண்ட கோவையில் 6ஐயும் 4ஐயும் இடம் மாற்றிக் கொடுத்தால் (4 − 6) என்று ஒன்று வந்து, பூச்சியத்துக்குக் கீழான குறை எண்களை அறியாத பிள்ளை திகைத்து நின்றுவிடும். (15 − 6) − 4 + 2 என்று போடும் பிள்ளை, விடை மாறவில்லையே, நான் போட்டது தப்பா என்று கேட்கும். தப்பில்லை, தேவையில்லை என்பதே பதில். தேவையற்ற அடைப்புக்குறிகளைப் பாடத்தில் வேண்டுமென்றே சேர்த்தால் செயல்வரிசை நன்றாகப் பதியும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. சுவீடனில் ராபர்ட் குன்னர்சனும் உடன் ஆய்வாளர்களும், பெருக்கல் கலந்த கோவைகளை வைத்து இதைச் சோதித்து 2016இல் வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்துக்கு ஆதரவாக இல்லை. புதிர் வழியின் குறை வேறொன்று: அடைப்புக்குறி எதற்காக என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. விடை மாறுகிறது என்று காட்டும். எந்த விடை வேண்டும் என்று முடிவு செய்யச் சூழல் வேண்டும். ஆகவே அதை அறிமுகத்துக்கு அல்ல, அறிமுகத்துக்குப் பிந்தைய பயிற்சிக்கே வைத்துக்கொள்வேன்.

உறுப்பு வழியில், 30 − 8 + 5 என்ற கோவை மூன்று துண்டுகளாகப் பார்க்கப்படுகிறது: +30, −8, +5. குறி எப்போதும் தனக்குப் பின்னால் உள்ள எண்ணோடு ஒட்டியிருக்கும். அடைப்புக்குறி வந்தால், −(8 + 5) என்பது முழுவதும் ஒரே துண்டு. மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சேர்ந்த ராக்கி பானர்ஜியும் கே. சுப்ரமணியமும் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் இந்த வழியைப் படிப்படியாக உருவாக்கிச் சோதித்து, 2012இல் விரிவாக எழுதினார்கள். உறுப்புகளைக் கட்டத்துக்குள் அடைத்துக் காட்டுவது அவர்கள் கையாண்ட உத்திகளில் ஒன்று. என்.சி.ஈ.ஆர்.டி. 2025இல் வெளியிட்ட ஏழாம் வகுப்புக் கணிதப் பாடநூலிலும் எண்கோவையை உறுப்புகளின் கூட்டலாகப் பார்க்கும் அணுகுமுறை இடம்பெற்றிருக்கிறது. கழித்தல் குறியைக் கழற்றிவிடும் கோளாறுக்கு நேரான மருந்து இதுதான் என்பதில் ஐயமில்லை. இயற்கணிதத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஆனால் −8 என்பதைத் தனித்து நிற்கும் ஒரு பொருளாக ஏற்க, குறை எண்களோடு சிறிதாவது பழக்கம் வேண்டும். மூன்றாம், நான்காம் வகுப்பில் இதைத் திணிப்பது வீண் சிரமம்.

முதலில் கூட்டலா, கழித்தலா

வழியைத் தேர்ந்தபின் ஒரு தீர்மானம் மிச்சம் இருக்கிறது. அடைப்புக்குறியை முதன்முதலில் கூட்டலில் காட்டுவதா, கழித்தலில் காட்டுவதா? கூட்டலில் தொடங்குவோர் சொல்லும் காரணம் வலுவானது. 24 + 18 + 2 என்ற கணக்கை 24 + (18 + 2) என்று எழுதினால் 20 முழுசாகக் கிடைத்து, 44 என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். தவறாகப் போட்டாலும் விடை கெடாது என்பதால் பிள்ளைக்கு அச்சம் இல்லை. எந்த இரண்டை முதலில் கூட்டினாலும் விடை மாறாது என்ற சேர்ப்புப் பண்புக்கும் அப்படியே வழி கிடைக்கிறது. ஜப்பானின் பாடத்திட்டம் இரண்டாம் வகுப்பிலேயே, கூட்டல் கழித்தல் கோவைகளில் தேவைக்கேற்ப அடைப்புக்குறியைப் பயன்படுத்த இடமளிக்கிறது.

இருந்தாலும் கழித்தலில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். போட்டாலும் போடாவிட்டாலும் விடை மாறாத இடத்தில் ஒரு புதிய குறியைச் சந்திக்கும் பிள்ளை, அது ஆசிரியரின் விருப்பத்துக்காகப் போடும் குறி என்றே எடுத்துக்கொள்ளும். பிறகு கழித்தலில் அதே குறி விடையையே மாற்றும்போது, முன்பு கற்றது தடையாக நிற்கும். கழித்தலில் அதன் அவசியத்தை உணர்ந்தபின் கூட்டலுக்கு வந்தால், இங்கே இது விடையை மாற்றவில்லை, வழியை மட்டும் சுலபமாக்குகிறது என்று பிள்ளையே வேறுபடுத்திப் பார்க்கும். பத்தாக, நூறாகச் சேர்த்துக் கூட்டும் பழக்கம் ஏற்கெனவே நன்கு ஊன்றியுள்ள வகுப்பில் மட்டும், கூட்டலில் தொடங்குவது பாதகமில்லை. அங்கே அடைப்புக்குறி, பிள்ளை மனதுக்குள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதன் பதிவாக அமைகிறது.

எந்த வகுப்பில் என்ற கேள்விக்கு உலகம் முழுவதும் ஒரே பதில் இல்லை. ஜப்பானில் இரண்டாம் வகுப்பு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஏற்ற பொதுப் பாடத்தரங்களில் ஐந்தாம் வகுப்பு. நம் சூழலில், மூன்றிலக்கக் கூட்டலும் கழித்தலும் தயக்கமின்றி வரும் நான்காம் வகுப்பின் பிற்பகுதியே பொருத்தம் என்பது என் கணிப்பு. கடன் வாங்கிக் கழிப்பதிலேயே திணறும் பிள்ளைக்கு, இரண்டு செயல்கள் கொண்ட வரியைக் கொடுத்தால் எங்கே தவறியது என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. 2022இல் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபின், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் வழக்கம் தொடக்க வகுப்புகளுக்கு வந்திருப்பது இங்கே கைகொடுக்கும். ஒரே பேருந்துக் கதையை அரும்பு நிலையினர் கொட்டையும் வளையலும் வைத்துச் செய்யலாம், மொட்டு நிலையினர் சீட்டில் எழுதலாம், மலர் நிலையினர் அதே எண்களுக்கு எதிர்க்கதை கட்டலாம். எல்லோருக்கும் சிறிய எண்களே போதும். அடைப்புக்குறியைக் கற்கும் வாரத்தில் பெரிய எண்களுக்கு அவசியம் இல்லை. எழுதும் அளவும் கவனிக்கத்தக்கது. சின்னக் கையெழுத்தில் நிமிர்ந்து நிற்கும் அடைப்புக்குறி 1 போலவே தெரிவதால், (5 + 3) என்பதை 15 + 3 என்று தானே வாசித்து ஏமாறும் பிள்ளைகள் உண்டு. வளைவு நன்றாகத் தெரிய, எண்ணைவிடச் சற்று உயரமாகப் போடப் பழக்க வேண்டும்.

ஏற்கெனவே விதியாகக் கற்றுவிட்டு ஆறாம் வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று கேட்கும் ஆசிரியர்கள் பலர். அவர்களைத் திரும்பவும் கடைக் கணக்கிலிருந்து தொடங்கவைக்க நேரம் இருக்காது, அவசியமும் இல்லை. அவர்களுக்கு உறுப்பு வழியே ஏற்றது. பாடத்தின் முதல் நாளில் 40 − 12 + 5, 40 − (12 + 5), 40 − (12 − 5), 40 − 12 − 5 என்ற நான்கையும் ஒரு சீட்டில் கொடுத்து, எவை எவை ஒரே விடை தரும் என்று கணக்குப் போடாமல் பிரிக்கச் சொல்ல வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் ஓர் இணை, இரண்டாவதும் நான்காவதும் ஓர் இணை. இதைக் காரணத்தோடு சொல்லும் பிள்ளையை நேராகப் பெருக்கல் கலந்த கோவைகளுக்கு அனுப்பிவிடலாம். முதலாவதையும் இரண்டாவதையும் இணை சேர்க்கும் பிள்ளைக்கு, உறுப்புகளைக் கட்டமிட்டுப் பிரிப்பதோடு ஒரே ஒரு பேருந்துக் கதையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எதையும் இணை சேர்க்காமல் நான்குக்கும் தனித்தனியாக விடை கண்டபின் பதில் சொல்லும் பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் அதிகம் இருப்பார்கள். அவர்களிடம் விதி உறுதியாக இருக்கிறது, கோவையை முழுதாகப் பார்க்கும் பழக்கம் இல்லை. அந்தப் பருவம் முழுக்க, வாரத்தில் ஒரு நாள் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தை இத்தகைய இணை சேர்க்கும் சீட்டுக்கு ஒதுக்குவது அவர்களுக்காகத்தான்.